கோந்து போட்டு ஒட்டிய ஓக் இலை

2022 அக்டோபர் 2, ஞாயிறு

மழை. கூரைத் தண்ணீர் இறங்கும் குழாய் மறுபடியும் அடைத்துக்கொண்டது. ஏணி போட்டு ஏறி இரண்டு கை நிறைய ஓக் இலைகளை அள்ளினேன். அள்ளியதை உடனே கீழே போட்டிருக்கலாம். ஒவ்வொரு இலையாகத் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்ததில் ஏணியிலேயே அரை மணி ஓடிவிட்டது. கீழே குடையும் கையுமாக ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்த மென்னா கேட்டாள்: "இட்வல், நீ அடைப்பு எடுக்க ஏறினியா, இல்ல உன் சின்ன வீட்டைத் தேடிப் போனியா?"

அந்துப்பூச்சியைத்தான் அவள் அப்படிச் சொல்வது. நாற்பத்தொரு வருஷத் தாம்பத்தியத்தில் முப்பத்து நான்கு வருஷமாக இந்தப் பேச்சு நடக்கிறது. கோபித்துக்கொள்ளவும் முடியவில்லை. அவளைவிட அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதியிருக்கிறேன்.

அக்டோபர் 5, புதன்

காட்டுப் பாதையில் நிற்கும், நான் வாசகம் எழுதிய பலகை வெளுத்துவிட்டது. வருகிற கோடையில் புதுசு வைக்கிறார்கள். அதற்கான வாசகத்தை ஐம்பது சொல்லுக்குள் எழுதித் தரும்படி கோய்ட் டூ காட்டு நண்பர்கள் சங்கத்தின் தலைவி கேட்டிருக்கிறார். தலைவி வேறு யாருமில்லை, மென்னாதான். சாப்பாட்டு மேஜையில் எனக்கு எதிரே உட்கார்ந்துகொண்டே மின்னஞ்சலில் கேட்டாள். சங்கம் வேறு, வீடு வேறாம்.

என் வரைவு: "இந்தக் காட்டின் ஓக் இலைகளுக்குள் ஓர் அபூர்வ அந்துப்பூச்சியின் புழு வாழ்கிறது. இலையின் இரண்டு தோலுக்கும் நடுவே சுரங்கம் தோண்டித் தின்னும். இலை பழுத்து உதிர்ந்த பிறகும் புழு இருக்கும் இடம் மட்டும் பச்சையாகவே இருக்கும். வளர்ந்த பூச்சி அரிசி மணி அளவுதான். இதை இம்மாவட்டத்தில் முதன்முதலில் 1988-இல் கண்டுபிடித்தவர் லான்வெரின் ஊர்ப் பல் மருத்துவர் இட்வல் ப்ராஸர். இவரே இன்றுவரை மாவட்டத்தின் அந்துப்பூச்சிப் பதிவாளர்."

காட்டைப் பற்றியும் மரங்களின் வயதைப் பற்றியும் இருந்த நாலு வாக்கியங்களை எடுத்த பிறகுதான் ஐம்பதுக்குள் வந்தது. என் பெயர் இருந்த வாக்கியத்தில் கை வைக்க இடமில்லை.

அக்டோபர் 11, செவ்வாய்

இமோஜன் என்று ஒரு பெண்ணிடமிருந்து கடிதம். நாடு முழுவதற்கும் அந்துப்பூச்சி வரைபடம் போடுகிறார்களாம், பழைய பதிவுகளையெல்லாம் சரிபார்க்கும் வேலை இவளுடையது. எழுத்தில் அத்தனை பணிவு. "உங்கள் 1988 இலையின் அடிப்பக்கத்தைப் படம் எடுத்து அனுப்ப முடியுமா?"

நியாயமான கேள்விதான். நம் அபூர்வத்துக்கு ஒரு சாதா சொந்தக்காரன் உண்டு, நாட்டில் எந்த ஓக் மரத்திலும் அகப்படுவான். இரண்டின் சுரங்கமும் மேலே பார்த்தால் ஒன்றுபோலவே இருக்கும். வித்தியாசம் அடிப்பக்கத்தில்தான். சாதாப் புழு இலையின் அடியில் ஒரு கீறல் போட்டு எச்சத்தையெல்லாம் அதன் வழியே வெளியே தள்ளிவிடும். அபூர்வம் கீறாது, எல்லாவற்றையும் உள்ளேயே போட்டுக்கொண்டு கிடக்கும். கீறல் இருந்தால் சாதா, இல்லையென்றால் அபூர்வம். அவ்வளவுதான் விஷயம்.

நாளைக்கு அலமாரியைத் திறந்து படம் எடுத்து அனுப்பிவிடலாம்.

அக்டோபர் 12, புதன்

அலமாரியைத் திறந்தேன். இலை அப்படியே இருக்கிறது. வெள்ளை அட்டை, மூலையில் என் கையெழுத்து, தேதி. மேல்பக்கம் தெரிகிற மாதிரி, அடிப்பக்கம் முழுக்கக் கோந்து தடவி, அட்டையோடு அட்டையாக ஒட்டியிருக்கிறேன்.

எந்த மடையன் இப்படி ஒட்டுவான்?

மேல்பக்கம் அழகாக இருந்தது. அதனால்தான் இருக்கும். ஒட்டுவதற்கு முன்னால் அடிப்பக்கத்தைப் பார்த்திருப்பேன். பார்க்காமலா ஒட்டுவேன்? பார்த்திருப்பேன்.

நினைவுக்கு வரவில்லை.

அக்டோபர் 19, புதன்

நாற்பத்தாறாம் நம்பர் பஸ் ஓட்டும் டெலித் வந்தாள். வழக்கம்போல் ரொட்டிப் பையில் இலைகள். இவளுடைய பால் பல்லைப் பிடுங்கியவன் நான். அதனாலோ என்னவோ, என் எதிரில் உட்காரும்போது நாற்பத்தாறு வயதிலும் வாயை இறுக்கி மூடிக்கொண்டுதான் உட்காருவாள். பேச ஆரம்பித்தால்தான் வம்பு.

"பாருங்க டாக்டர். கீறல் இல்ல. ஒண்ணுலகூட இல்ல."

பூதக்கண்ணாடியில் பார்த்தேன். இல்லைதான்.

"புழு சின்னது. இன்னும் கீறல் போடுற வயசு வரல."

"போன வருஷமும் இதையேதான் சொன்னீங்க."

"போன வருஷமும் புழு சின்னதாதான் இருந்துச்சு."

"சரி, என்ன செஞ்சா ஒத்துக்குவீங்க?"

மாவட்டப் பதிவுக்கான விதி நான்கைக் காட்டினேன். 1994-இல் நானே எழுதியது. இந்த இனத்துக்குப் புழுவை வளர்த்து, வெளிவரும் பூச்சியைக் கொன்று, வயிற்றைப் பிரித்து நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பதிவு செல்லும்.

"கொன்னாத்தான் அது உயிரோட இருக்குன்னு நம்புவீங்களா?" என்றாள். "நான் கொல்ல மாட்டேன் டாக்டர். உங்களுக்குப் பல்லு, எனக்குப் பஸ்ஸு. அந்த வேலை எனக்கு வராது."

படிவத்தில் எழுதினேன்: போதிய ஆதாரம் இல்லை. ஏழாவது தடவை. அவள் மென்னா கொடுத்த கேக்கில் இரண்டு துண்டை ரொட்டிப் பையில் போட்டுக்கொண்டு போய்விட்டாள்.

அக்டோபர் 20, வியாழன்

முப்பத்து நான்கு இலையுதிர்காலம் அந்தக் காட்டில் மண்டியிட்டுத் தேடியிருக்கிறேன். எனக்கு இரண்டாவது இலை கிடைத்ததே இல்லை. பஸ் ஓட்டுகிறவளுக்கு டீ குடிக்கும் இடைவேளையில் கிடைக்குமாம்.

அக்டோபர் 29, சனி

இமோஜனிடமிருந்து நினைவூட்டல் வந்துவிட்டது. இனியும் தள்ளிப்போட முடியாது. மதியம் சாப்பிட்டு முடித்ததும் சமையலறைப் பேசினில் வெதுவெதுப்பான தண்ணீர் விட்டு அட்டையை மிதக்க விட்டேன். ஒன்றரை மணி நேரம். நாற்பது வருஷம் அடுத்தவர் வாய்க்குள் வேலை செய்த கை. இடுக்கியால் ஓரத்தைப் பிடித்து மெல்ல மெல்ல உரித்தேன். கிழியாமல் முழுசாக வந்தது. அவ்வளவு நேர்த்தியாக உரித்திருக்க வேண்டாம்.

திருப்பினேன்.

கீறல். சட்டைப் பொத்தான் ஓட்டை மாதிரி, நேராக, சுத்தமாக. பூதக்கண்ணாடியே தேவைப்படவில்லை.

சாதா. முப்பத்து நான்கு வருஷமா பலகையில, பட்டியல்ல, பள்ளிக்கூடப் பிள்ளைங்க கிட்ட, எல்லார் கிட்டயும் – சாதா. கூரைக் குழாய அடைச்சுக்கிட்டு நிக்கிற அதே சாதா.

அந்த நேரம் பார்த்து மென்னா உருளைக்கிழங்கு எடுக்க உள்ளே வந்தாள். பேசினை எட்டிப் பார்த்தாள். "அதுல பாத்திரம் கழுவணும்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனாள். நல்லவேளை, அவளுக்கு இதெல்லாம் புரியாது.

அக்டோபர் 30, ஞாயிறு

இமோஜனுக்கு எழுதி அனுப்பிவிட்டேன். "அட்டையிலிருந்து பிரிக்கும் முயற்சியில் இலை முற்றிலும் சிதைந்துவிட்டதைத் தெரிவிக்க வருந்துகிறேன்."

வருந்துகிறேன் என்பது மட்டும் நிஜம்.

நவம்பர் 1, செவ்வாய்

பதில் வந்துவிட்டது. எனக்கு ஆறுதல் சொல்லியிருக்கிறாள், ஏதோ வீட்டில் துக்கம் நடந்தது மாதிரி. பிறகு: "சான்று இல்லையென்றாலும் உங்கள் அனுபவத்தின் மேலுள்ள மதிப்பால் 1988 பதிவை அப்படியே வைத்துக்கொள்கிறோம். உங்கள் விதி நான்கைத்தான் நாங்கள் இப்போது நாடு முழுக்கப் பின்பற்றுகிறோம் என்பது உங்களுக்கு மகிழ்ச்சி தரும்."

டெலித்தின் இலையில் புழு உயிரோடு நெளிகிறது, ஆதாரம் போதாது. என் இலை சிதைந்துபோனது, என் மேலுள்ள மதிப்பே போதும். இந்த ஏற்பாட்டை உண்டாக்கியவனைப் பாராட்டத்தான் வேண்டும்.

இலையைத் தூக்கிப்போட மனம் வரவில்லை. இந்த நோட்டுக்குள்ளேயே வைத்திருக்கிறேன்.

நவம்பர் 3, வியாழன்

ஆட்டுக்கறி சூப். நன்றாகத்தான் இருந்தது. பாதியை மென்னாவின் கிண்ணத்தில் ஊற்றிவிட்டேன்.

நவம்பர் 12, சனி

காட்டில் பாதை கூட்டும் நாள். இருபது வருஷத்துக்கு முன்னால் நான் ஆரம்பித்து வைத்த வழக்கம். பலகையைப் பார்க்க வருகிறவர்கள் ஈர இலையில் வழுக்கி விழக் கூடாதே என்று. காட்டு வாசலிலிருந்து பலகை வரை பாதையோரம் ஒன்பது ஓக் மரங்கள். அதனடியில் ஓர் இலை மிச்சமில்லாமல் பதினொரு பேர் கூட்டினோம். முப்பத்திரண்டு பிளாஸ்டிக் மூட்டை. கழுத்தை இறுக்கிக் கட்டி வாசலில் அடுக்கியாயிற்று. செவ்வாய்க்கிழமை உரக்கிடங்கு லாரி வந்து ஏற்றிக்கொள்ளும். பாதை பார்க்கக் கண்ணாடியாக இருக்கிறது.

மழை வேறு நின்றது. கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

நவம்பர் 13, ஞாயிறு

டெலித் வந்தாள். இந்த முறை ரொட்டிப் பை இல்லை. உட்காரவும் இல்லை.

"டாக்டர், அந்த மூட்டைங்கள லாரில ஏத்த விடாதீங்க."

"ஏன்?"

"உங்க பூச்சி அதுக்குள்ளதான் இருக்கு."

அவளே சொன்னாள். ஒன்பது வருஷமாக நாங்கள் கூட்டி வைக்கிற மூட்டைகளை லாரி வருவதற்கு முன்னால் தன் பஸ்ஸின் கடைசி சீட்டில் ஏற்றிக்கொண்டு போய், ஓடைக்கு அந்தப் பக்கம் காட்டிலேயே கொட்டிவிட்டு வருகிறாளாம். நான் ஏழு தடவை திருப்பி அனுப்பிய இலைகளெல்லாம் கூட்டுவதற்கு முன்னால் அந்தப் பாதையோர மரத்தடியில் எடுத்தவை. இந்த வருஷம் டெப்போவில் யாரோ புகார் சொல்லிவிட்டார்கள், பஸ்ஸில் குப்பை ஏற்றக் கூடாதென்று உத்தரவு.

"காட்டுல எங்கெங்கயோ தேடுறீங்களே, அந்த ஒம்போது மரத்தடில ஒரு நாளாவது தேடினீங்களா?"

"நான் தேடப் போறப்ப அங்க இலையே இருக்காதே."

"எப்படி இருக்கும்? நீங்கதான் கூட்டிட்டீங்களே."

காட்டில் அது இருக்கிற இடமே அந்த ஒன்பது மரம்தானாம். உதிர்ந்த இலையின் பச்சைத் திட்டுக்குள் புழு இன்னும் தின்றுகொண்டிருக்கும், தின்று முடித்துத்தான் மண்ணுக்குள் இறங்கும். இதைப் பலகையில் எழுதியவன் நான். எழுதிவிட்டு, அந்தப் பலகையை ஜனங்கள் வசதியாகப் படிக்க வேண்டுமென்று வருஷா வருஷம் புழுவைக் கூட்டி மூட்டை கட்டியிருக்கிறேன். அந்த இருபது வருஷத்தில் கிட்டத்தட்டப் பாதி வருஷங்கள் அதைக் காப்பாற்றியது நாற்பத்தாறாம் நம்பர் பஸ்.

"சங்கத்துக்கு என்ன காரணம் சொல்றது?" என்றேன்.

"அபூர்வப் பூச்சி அங்க இருக்குன்னு சொல்லுங்க."

"அந்தப் பதிவு ஒத்துக்கப்படலையே."

"யாரு ஒத்துக்கல?"

"நான்தான்" என்றேன்.

"அப்போ அவர் கிட்டயே பேசிப் பாருங்க டாக்டர். செவ்வாய்க்கிழம காலைல எட்டு மணிக்கு லாரி." போய்விட்டாள்.

நவம்பர் 14, திங்கள்

மூட்டையை நிறுத்தச் சொன்னால் டெலித்தின் பதிவு சரியென்று ஆகிறது. அது சரியென்றால் ஏழு தடவை ஏன் தள்ளினாய் என்று கேட்பார்கள். பேசாமல் இருந்துவிட்டால் என்ன? நாளை எட்டு மணிக்கு எல்லாம் முடிந்துவிடும். அபூர்வம் 1988-இல் இருந்தது, இப்போது அழிந்துவிட்டது, கண்ணால் பார்த்த ஒரே ஆள் நான் என்று காலத்துக்கும் பேர் நிற்கும்.

காலை ஒன்பது மணிக்கு இப்படித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். இதை எழுதிவைக்காமல் விட்டால் இந்த நோட்டே எதற்கு?

பத்து மணிக்கு மென்னாவிடம் போனேன். தலைவியிடம் பேச வேண்டும் என்றேன். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, "சொல்லுங்க மிஸ்டர் ப்ராஸர்" என்றாள். எல்லாவற்றையும் சொன்னேன், கடைசி ஒன்றைத் தவிர. டெலித்தின் இலைகள் உண்மையானவை, மூட்டைகளைக் கொட்ட வேண்டும், இனிமேல் கூட்டக் கூடாது.

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"அன்னிக்கு பேசின்ல மிதந்துச்சே, அதைப் பத்தி ஒண்ணும் இல்லையா? அதுல கீறல் இருந்துச்சு."

நான் நாற்காலியைத் தேடி உட்கார்ந்தேன்.

"முப்பத்து நாலு வருஷமா சாப்பாட்டு நேரத்துல இந்தக் கீறல் கதையத்தான் கேட்டுட்டிருக்கேன் இட்வல். எனக்குத் தெரியாதா? நீயா சொல்வேன்னு பதினாறு நாளா காத்துட்டிருக்கேன். கிழங்க எடுக்கிற சாக்குல மூணு தடவ வந்து பார்த்தேன்."

"ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே."

"கேட்டா நீ சிதைஞ்சு போச்சுன்னு சொல்லுவ."

அழுகை வந்துவிட்டது. எழுபத்தொரு வயசில், ஒரு இலைக்காக. அவள் எழுந்து போய் மழைக்கோட்டை எடுத்து வந்து என் மேல் போட்டாள்.

மதியம் இரண்டு மணியிலிருந்து இருட்டுகிற வரை நான், மென்னா, டெலித் மூன்று பேரும் முப்பத்திரண்டு மூட்டையையும் அந்தந்த மரத்தடியிலேயே கொட்டினோம். எந்த மூட்டை எந்த மரத்தினுடையது என்று கூட்டிய அன்றே கட்டின்மேல் எழுதி வைத்திருந்தாள் டெலித். என்னைவிட நல்ல பதிவாளர். பத்தொன்பதாவது மூட்டையில் ஓர் இலை: பச்சைத் திட்டு, கொழுத்த புழு, சுரங்கம் முழுக்க எச்சம். திருப்பினேன். கீறல் இல்லை. வயசு வராத புழு என்று அதைச் சொல்லவே முடியாது.

முப்பத்து நான்கு வருஷத்தில் நான் கண்டெடுத்த முதல் இலை. மூட்டையிலிருந்து.

"உங்களுக்கும் கிடைச்சிருச்சா டாக்டர்?" என்றாள் டெலித். கிண்டல்தான். ஆனால் அந்த இலையை அவள் பையில் போட்டபோது நான் தடுக்கவில்லை.

நவம்பர் 16, புதன்

இமோஜனுக்கு எழுதினேன். இலை சிதையவில்லை, கீறல் இருக்கிறது, முந்தைய கடிதத்தில் எழுதியது பொய். படம் இணைத்திருக்கிறேன். 1988 பதிவை நீக்கிவிடவும். நாலே வரி. எழுத ஐந்து மணி நேரம்.

நவம்பர் 21, திங்கள்

பதிலில் ஆறுதல் இல்லை. "நன்றி. நீக்கப்பட்டது." டெலித்தின் இலைகளைப் பற்றி: நம்பத்தகுந்தவையே, ஆனால் விதி நான்கின்படி பூச்சியை வளர்த்துப் பிரித்துப் பார்க்கும் வரை அடைப்புக்குறிக்குள், உறுதியாகாத பதிவாகத்தான் வைக்க முடியும்.

எனக்கு முப்பத்து நான்கு வருஷம் அடைப்புக்குறி கிடையாது. அவளுக்கு உண்டு. விதி எழுதியவனுக்கு வாழ்த்து.

நவம்பர் 30, புதன்

பத்தொன்பதாம் மூட்டை இலையை டெலித் பூந்தொட்டி மண்ணின்மேல் வைத்துக் கொண்டுவந்தாள். புழு மண்ணுக்குள் இறங்கிவிட்டது. "எனக்கு டூட்டி. உங்க வீட்டுலயே இருக்கட்டும்." கொல்வீர்களா மாட்டீர்களா என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

தொட்டியை மஸ்லின் துணியால் மூடி, சமையலறை ஜன்னலுக்கு வெளியே வைத்தேன். வெற்று இலையை இரண்டு கண்ணாடிச் சில்லுக்கு நடுவில் வைத்து ஓரத்தைச் சுற்றி டேப் ஒட்டினேன்.

டிசம்பர் 25

தொட்டிக்கு மென்னா சிவப்பு ரிப்பன் கட்டியிருக்கிறாள். "சின்ன வீடு வீட்டுக்கே வந்தாச்சு, மரியாத செய்ய வேண்டாமா?"

2023 பிப்ரவரி 9, வியாழன்

கடும் உறைபனி. தொட்டியை உள்ளே எடுத்து வைத்தேன். மென்னா வெளியே வைத்தாள். காட்டில் யார் உள்ளே எடுத்து வைப்பார்கள் என்று கேட்டாள்.

மே 22, திங்கள்

புதுப் பலகையின் வாசகத்தில் என் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். டெலித்தின் பெயரைப் போடலாமென்றால் அவள் ஒப்பவில்லை. "டெப்போல பார்த்தா மூட்ட கதைய நோண்டுவாங்க டாக்டர். வேணாம்." அந்த இடம் காலியாக நின்றது. தலைவி தானே ஒரு வரி போட்டு நிரப்பிவிட்டாள்: இலைகளைக் கூட்டாதீர்கள்.

ஜூன் 14, புதன்

காலை ஏழரைக்கு மஸ்லினின் உள்பக்கம் ஒரு கறுப்புத் துளி. பூதக்கண்ணாடியில் பார்த்தேன். தலையில் செம்பட்டை முடி, கறுப்புச் சிறகில் எதிரெதிரே இரண்டு வெளிர்ப்புள்ளி. ஒன்றே ஒன்று. முப்பத்து நான்கு வருஷமாக நான் பேசிய பூச்சி. இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

கண்ணாடிக் குப்பி, மருந்து, ஊசி, எல்லாம் மேஜையில் தயாராக இருந்தன. நேற்றே எடுத்து வைத்திருந்தேன். வெறுமனே எடுத்து வைத்தேன் என்று இங்கே எழுதினால், இமோஜனுக்கும் மென்னாவுக்கும் சொன்னவற்றுக்குப் பிறகு அது மூன்றாவது பொய்.

பதினொன்றேகாலுக்கு டெலித் வந்தாள். பஸ் வாசலில் நிற்க, உள்ளே நாலு பயணிகள் எங்கள் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஊசியையும் பார்த்தாள், பூச்சியையும் பார்த்தாள்.

"பிரிச்சுப் பார்த்தா அடைப்புக்குறி போயிடும், இல்ல?"

"போயிடும். பட்டியல்ல நிரந்தரமா உன் பேரு."

"உங்க இஷ்டம் டாக்டர்" என்று வாயை மூடிக்கொண்டாள், பல் பிடுங்குகிற நாற்காலியில் உட்கார்ந்த மாதிரி.

மஸ்லினின் முடிச்சை அவிழ்த்தேன். பூச்சி உடனே பறந்துவிடும் என்று எதிர்பார்த்தேன். என் கட்டைவிரல் நகத்தில் ஏறி நின்று, திரும்பி, மறுபடி தொட்டிக்கே போகலாமா என்று யோசித்தது. டெலித் அதைத் தன் விரலுக்கு மாற்றிக்கொண்டு வெளியே போனாள். பாதையோர ஓக் நிறுத்தத்தில் இறக்கிவிடுவதாகச் சொன்னாள். அது பஸ் நிறுத்தமே இல்லை.

"உன் சின்ன வீடு என்ன ஆச்சு?" என்றாள் மென்னா.

"பஸ் ஏறிப் போயிடுச்சு."

ஜூன் 15, வியாழன்

விதி நான்கை அடித்துவிட்டேன். நான்தானே எழுதினேன். நாட்டில் மற்றவர்கள் அதை வைத்துக்கொள்ளட்டும்.

மாவட்டப் பட்டியலில் இன்று எழுதியது:

முதல் பதிவு – கோய்ட் டூ காடு, பலகைப் பாதை. கண்டவர்: டெலித் கெத்தின், பஸ் ஓட்டுநர். முதல் முறை அனுப்பியது 2014. ஏற்றுக்கொள்ளப்பட்டது 2023. தாமதத்துக்குக் காரணம்: பதிவாளர். ஆதாரம்: இலை ஒன்று, கண்ணாடிக்கு நடுவில், இரண்டு பக்கமும் பார்க்கலாம். கோந்து போடவில்லை.